திருத்தப் பதிவேட்டில் மூன்றாவது வருத்தம்

சாரி என்ற ஆங்கிலச் சொல், துக்கம் என்று பொருள்படும் சாரோ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. படித்தவர்களிடம்தான் அதிகம் நிலவுகிறது. மற்றவர்கள் பாவம், காலை மிதித்தால் சாரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. இந்த நம்பிக்கை தவறு. இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு யார் மேலாவது விழத்தான் வேண்டும் என்பதால் சொல்கிறேன்: முழுத் தவறு. இரண்டு சொற்களுக்கும் முகச்சாயல் உண்டு, ஒரே தெருவில் நெடுங்காலம் குடியிருந்ததால் நடையும் பேச்சும்கூட ஒன்றாகிவிட்டன, ஆனால் ரத்த சம்பந்தம் கிடையாது. சாரோவின் முன்னோருக்குக் கவலை என்று பொருள். சாரியின் தகப்பன் சோர். சோர் என்றால் புண். பழைய ஆங்கிலத்தில் சாரி சொல்கிறவன் துக்கப்படுகிறவன் அல்ல, உடம்பில் எங்கோ புண் வைத்துக்கொண்டிருப்பவன், தொட்டால் துள்ளுகிறவன். ஜெர்மன் மொழியில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்கு இன்று மிகவும் என்று அர்த்தம், வலிக்க வலிக்க என்பது தேய்ந்து மிகவும் ஆகிவிட்டது, ஆகவே ஒரு ஜெர்மன்காரர் மிகவும் நன்றி என்று சொல்லும்போது ஆதியில் அவர் வலிக்க வலிக்க நன்றி சொல்கிறார். இவ்வளவையும் நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு வழியில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், சுவரோரமாகப் போட்ட இரும்பு நாற்காலி வரிசையில், முப்பத்தொன்பது என்று எழுதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கருமணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து இமையைப் பிரித்து ஒரு சொட்டு விடுவார், நான்கு தடவை, நாற்பது நிமிடம். அதுவரை திறக்கக் கூடாது, கசக்கக் கூடாது. எழுபத்து நான்கு வயதில் ஒரு ஆங்கிலப் பேராசிரியரிடமிருந்து அச்செழுத்தைப் பிடுங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான், தனக்குத் தெரிந்த சொற்களை எண்ணுவான். ஆனால் சாரியைத் தேர்ந்தெடுத்தது நானல்ல. பக்கத்து நாற்காலி தேர்ந்தெடுத்தது.

முதல் சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். இரும்பு முனகியது, ஒரு துணிப்பை தரையில் வைக்கப்பட்டது, அதற்கப்பால் ஒரு பெண்ணின் வளையல் சத்தம், மனைவியாக இருக்கும். பிறகு இரண்டு சின்ன இருமல். சளி இருமல் இல்லை, பேசுவதற்கு முன்னால் கதவைத் தட்டுவது போல இரண்டு இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும். மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது, இதற்கு எந்த மொழியிலாவது ஒரு சொல் இருக்க வேண்டும். "பேரு சொல்லுங்கய்யா, சரி பாக்கணும்" என்றார் சிஸ்டர். "தவசிமுத்து." "எந்தக் கண்ணு?" "வலது கண்ணும்மா." "நம்பர் அம்பத்திரண்டு. அண்ணாந்து பாருங்க, மேல, மேல, ஃபேனப் பாருங்க. இப்ப மூடிக்கிடுங்க. நான் சொல்லுத வரைக்கும் தொறக்கப்பிடாது." தவசிமுத்து. இருபத்தேழு வருடம். ஒரு முழங்கை தூரத்தில். நான் கண்ணைத் திறக்கவில்லை, மருத்துவ காரணங்களுக்காக. திறந்திருந்தால் என்னைப் பார்ப்பார் என்று பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொருந்தாது, அவர் கண்ணும் மூடித்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன பயம். என் குரலை அவரால் கண்டுபிடிக்க முடியாது, பல்செட் வைத்த பிறகு என் குரல் எனக்கே அடையாளம் தெரிவதில்லை, சகரம் எல்லாம் காற்றாகப் போகிறது. என் பெயரை அவர் வருவதற்கு முன்பே கேட்டு முடித்துவிட்டார்கள். இனி நான் வெறும் முப்பத்தொன்பது. வகுப்பில் பையன்களை எண் சொல்லிக் கூப்பிட்ட நாட்களில், எண்ணுக்குள் இவ்வளவு பத்திரமாக ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தெரியாது.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் வேலை பார்த்த அறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே எந்திரம் ஓடும்போது மேலே தரை நடுங்கும், மேசை மேல் வைத்த தேநீரில் வட்டம் வட்டமாக அலை வரும். ஓர் அறக்கட்டளையின் செலவில் ஆங்கிலம்–தமிழ் மாணவர் அகராதி தயாரித்தோம். நான் தலைமைப் பதிப்பாசிரியர், எனக்குக் கீழே ஆறு பேர், பள்ளிகளிலிருந்து அயல்பணியில் வந்த ஆங்கில ஆசிரியர்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையின் மூலையில் எழுதியவரின் முதலெழுத்து நீல மையில், சரிபார்த்தவனின் முதலெழுத்து சிவப்பு மையில். சிவப்பு மை இந்த மாவட்டத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது என்பதுபோல நான் நடந்துகொண்டேன். ஒரு அட்டை தவறு என்று நான் அடித்தால் எழுதியவர் திருத்தப் பதிவேட்டில் சொல்லையும் தேதியையும் எழுதி, மேற்கண்ட பிழைக்கு வருந்துகிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்தில் மூன்று தடவை வருந்தினால் அயல்பணி நீட்டிக்கப்படாது. பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டியதுதான், அகராதியின் முதல் பக்கத்தில் பெயரும் வராது. அந்த விதியை எழுதியது நான். ஆசிரியர்கள் அதற்கு வருத்தப் பதிவேடு என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் ரசித்தேன். தவசிமுத்துவுக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு வருத்தம் இருந்தது. ஒன்று, ஓர் அட்டையைத் தொலைத்தது. இன்னொன்று என்ன, நினைவில்லை, இரண்டாவது எதற்காக என்று எனக்கு நினைவே இல்லை, ஒரு மனிதனை வெளியே தள்ளுவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு நினைவில்லை. மூன்றாவது நன்றாக நினைவிருக்கிறது. சாரி என்ற அட்டையில், வேர்: சோர், புண் என்று அந்தச் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். நான் எல்லோருக்கும் முன்னால் வாசித்தேன். "என்ன தவசிமுத்து சார், சாரோன்னு ஒரு வார்த்தை பக்கத்துலயே நிக்குது, உங்க கண்ணுக்குப் புண்ணுதான் தட்டுப்பட்டுதா?" இரண்டு இருமல். "சார், பெரிய டிக்சனரில சோர்னுதான் போட்டுருக்கு. எஸ் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கு, வந்த உடனே காட்டுதேன். எங்க அப்பா மாட்டு வைத்தியம் பாத்தவரு. புண்ணு உள்ள மாட்டத் தொட்டா அது உதறும் சார். சாரின்னு சொல்லுத மனுசனும் ஒரு உதறு உதறுதான். எனக்கு அது பொருத்தமாத் தெரிஞ்சுது." அழகாகத்தான் சொன்னார். இன்றைக்கு ஒரு மாணவன் சொன்னால் நான் எழுந்து நின்று கேட்பேன். அன்றைக்கு நான், "அப்போ உங்க ஊர்ல மாடு வந்து சாரி சொல்லிட்டுப் போகுமோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மேசையில் தட்டிச் சிரித்தார். இன்னொருவர், "அப்பா மாட்டுக்குப் பாத்தாரு, பிள்ள வார்த்தைக்குப் பாக்காரு" என்றார், அதற்கும் சிரிப்பு, அதற்கு நானும் சிரித்தேன், என் நகைச்சுவையை ஒருவர் மேலே கொண்டு போகும்போது எனக்கு ஏற்படும் அந்த முதலாளிச் சிரிப்பு. கீழே எந்திரம் ஓடியது. தவசிமுத்து பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, மேற்கண்ட பிழைக்கு வருந்துகிறேன் என்று எழுதினார். சாரி என்ற சொல்லுக்கு எதிரே வருந்துகிறேன். அப்போதே அதைக் கவனித்தேன், கவனித்து மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன், பொருளும் சொல்லும் ஒரே வரியில் வந்துவிட்டதே என்று.

"அம்மா, நீங்க தள்ளி உக்காருங்க, கம்பவுண்டர் போவணும்" என்கிறார் சிஸ்டர் இப்போது. இரண்டாவது சொட்டு. முதலில் குளிர்கிறது, பிறகு எரிகிறது, பிறகு தொண்டையில் கசக்கிறது. கண்ணுக்கும் தொண்டைக்கும் உள்ளே ஒரு வழி இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். தவசிமுத்துவுக்கு விடும்போது அவர் மனைவி பேசுகிறார். "பாத்து விடும்மா. இவுகளுக்குக் கண்ணுதான் எல்லாம். ஒரு காகிதத்த விடமாட்டாவ, மிக்சர் பொட்டலத்தக்கூட பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் போடுவாவ. டிக்சனரி எழுதினவுக." "அப்படியா அய்யா? டிக்சனரியா? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, நர்சிங் படிக்கும்போது வாங்கினது. அதுல உங்க பேரு இருக்குமா?" இரண்டு இருமல். "பேரு போடல்லம்மா. பாதியில வந்துட்டேன்." "ஏன்யா?" "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சாரின்னு ஒரு வார்த்தைக்கு வேரு தப்பா எழுதிட்டேன். அந்தப் பேராசிரியர் பெரிய ஆளு, கண்டுபிடிச்சிட்டாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும், எங்கயோ படிச்சதா ஒரு நெனப்பு, எதையோ பாத்து எதையோ எழுதிருக்கேன்." சிஸ்டர் சிரித்தார். "சாரிக்கா? அத நாங்க ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லுதோம்." "நான் சொல்லுததே இல்லம்மா. சொல்ல வரும்போது ஒரு கூச்சமா இருக்கும். மன்னிச்சிக்கிடுங்கன்னு சொல்லிருவேன்." அவர் மனைவி, "அந்தப் பொஸ்தகம் எங்க பிள்ளைக பள்ளிக்கூடத்துல பரிசாக் குடுத்தாவ. வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டாவ" என்றார். "ஏட்டி, சும்மா இரு" என்றார் தவசிமுத்து. நான் எதிர்பார்த்தது வேறு. இத்தனை வருடமும் என் மனதில் இருந்த தவசிமுத்து எல்லாம் தெரிந்தவர், என்னைக் கண்டால் திட்டுவதற்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருப்பவர், அடுத்த வாரமே எங்காவது ஒரு நூலகத்தில் எஸ் தொகுதியைத் திறந்து பார்த்திருப்பவர். அவரிடம் நான் பல தடவை மனதுக்குள் வாதாடியிருக்கிறேன், சில தடவை ஜெயித்தும் இருக்கிறேன். இவர் வேறு ஆள். இவர் என்னை நம்பிவிட்டார். தன் கண்ணால் படித்ததை விட என் சிவப்பு மையை நம்பி, இருபத்தேழு வருடம் தான் எழுதிய சரியான ஒன்றுக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். வெட்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது. அவர் மடியில்.

எஸ் தொகுதி அடுத்த வியாழக்கிழமை பைண்டிங்கிலிருந்து வந்தது. பசை வாசனை. முதுகில் பொன் எழுத்து இன்னும் ஒட்டியது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், தவசிமுத்துவின் மேசையில் அவர் எழுதிய கடைசி அட்டைகளைக் கட்டி வைத்திருந்தார், விடுவிப்பு ஆணை மறுநாள்தான் கையெழுத்தாக வேண்டும், அதாவது இன்னும் கையெழுத்தாகவில்லை, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், இன்னும் கையெழுத்தாகவில்லை. சாரி என்ற பக்கத்தைத் திறந்தேன். சோர் என்று இருந்தது. சாரோவுடன் ஆதியில் தொடர்பில்லை, பிற்காலத்தில் வடிவமும் பொருளும் கலந்தன என்று இருந்தது. என்ன செய்தேன். ஒன்றும் செய்யவில்லை. தொகுதியை மூடி வரிசையில் வைத்தேன், முதுகுகள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன், பிறகு வாஷ்பேசினில் கை கழுவினேன், விரலில் பசை. மறுநாள் ஆணையில் கையெழுத்துப் போட்டேன். அவர் வந்து கும்பிட்டுவிட்டு, கட்டிய அட்டைகளை என் மேசையில் வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார். நான் அப்போது பொய் சொல்லவில்லை, யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, ஒரு தடவைகூட அது சரியாக உட்காரவில்லை, காலுக்குச் சிறிய செருப்பு மாதிரி. இரண்டாம் பதிப்பில் வேரைத் திருத்தினேன். அட்டையின் மூலையில் சிவப்பு மையில் கோ.நா. என்று என் முதலெழுத்து. திருத்தப் பதிவேட்டில் எழுதவில்லை, அந்தப் பதிவேடு தலைமைப் பதிப்பாசிரியருக்குப் பொருந்தாது. பிற்பாடு ஒரு வாரப் பத்திரிகையில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றிப் பதினோரு வருடம் எழுதினேன், ஐந்நூற்றுச் சொச்சம் சொற்கள், சாரியைப் பற்றி எழுதவே இல்லை. வாசகர்கள் கேட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒருவர், ஐயா, சோர்வு என்ற நம் சொல்லிலிருந்துதான் சாரி போயிருக்க வேண்டும் என்று மாதம் ஒரு கடிதம் எழுதினார். நான் அவருக்கு, தங்கள் கருத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன் என்று பதில் எழுதினேன். ஏழு தடவை வருந்தினேன். அவரிடம் எவ்வளவு சுலபமாக வருந்த முடிந்தது. வருந்துகிறேன் என்றால் வலி எனக்கு. மன்னியுங்கள் என்றால் வேலை உங்களுக்கு. தமிழில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது, அதனால்தான் நம் ஆட்களுக்கு அது இவ்வளவு பிடித்துப்போயிற்று என்று ஒரு கட்டுரை எழுதலாம். எழுதலாம். கட்டுரை எழுத என்னால் எப்போதும் முடியும்.

மூன்றாவது சொட்டு விட்டுப் போனார்கள். இப்போது இமைக்குள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் பரவுகிறது, சன்னல் பக்கம் வெயில் திரும்பியிருக்க வேண்டும். சிவப்பு மை. இதை நினைக்காமல் இருக்கலாம், ஆனால் நினைத்தாயிற்று. பக்கத்தில் அவர் காலை நீட்டுகிறார் போலிருக்கிறது, முழங்கால் வலியாக இருக்கும், இந்த நாற்காலிகள் குட்டையானவர்களுக்கு ஆனவை. செருப்பில்லாத பாதம் ஒன்று என் கணுக்காலில் இடித்தது. உடனே பதறி இழுத்துக்கொண்டார். இருட்டில் தடவுகிற மாதிரி ஒரு கை வந்து என் முழங்கையைக் கண்டுபிடித்துத் தொட்டது. காலால் இடித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். தெரியாதவரானாலும், குழந்தையானாலும், மிதிபட்டது புத்தகமானாலும் செய்வோம், கை தானாகப் போகும். நான் படித்த எந்த அகராதியிலும் அதற்குச் சொல் இல்லை. "மன்னிச்சிக்கிடுங்க சார்" என்றார் தவசிமுத்து. "அய்யா! கையக் கண்ணுக்குக் கொண்டு போவாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று தூரத்திலிருந்து சிஸ்டரின் குரல். "தெரியாமப் பண்ணிட்டேம்மா. பழக்க தோசம்." "பழக்கத்தக் கொஞ்ச நேரம் பையில போட்டு வைங்க." நாற்காலி வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்கள். நான்தான் அவருக்குச் செய்ய வேண்டியவன். அவர் எனக்குச் செய்கிறார், மறுபடியும், என் கண் முன்னாலேயே, மூடிய என் கண் முன்னாலேயே. முழங்கையில் அவர் தொட்ட இடம் தனியாகத் தெரிகிறது. நாலு விரல். சாரியின் பழைய ஆங்கில வடிவமான சாரிக் என்றால் புண்பட்டவன், தொட்டால் உதறுகிறவன். அவருடைய அப்பா சரியாகச் சொன்னார், அல்லது அவருடைய அப்பா பார்த்த மாடு சரியாகச் சொன்னது.

அப்போது வாயைத் திறந்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பாதி தைரியம்கூட இல்லை. "நீங்க பேசினது காதுல விழுந்துது" என்றேன், பல்செட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு அந்நியன் போல. "அந்த வார்த்தை, நீங்க எழுதினது சரிதான். சோர்ல இருந்துதான் வருது. நான் படிச்சிருக்கேன்." இரண்டு இருமல். "அப்படியா சார்? நீங்க வாத்தியாரா?" "ஆமா, ஒரு காலத்துல." "எந்த ஊரு?" "வெளியூர்" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது என் வீடு. "நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார் தவசிமுத்து. "ஆனா அப்படி இருக்க முடியாது. கோமதிநாயகம் சார் பாத்துச் சொன்னது. அவுக பாக்காமச் சொல்ல மாட்டாவ. கோவக்காரரு, கிண்டல் பண்ணுவாரு, அது அவரு கொணம். வார்த்தையில தப்புச் சொல்லிட்டாருன்னு யாரும் சொல்லிர முடியாது." "பாக்காமலும் சொல்லியிருக்கலாம்." "சே, அப்படிச் சொல்லாதீங்க." அவர் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம். எனக்காக. என் பெயருக்கு ஒரு களங்கம் வந்துவிடக் கூடாதே என்று. என்னிடமிருந்தே என்னைக் காப்பாற்றுகிறார். அவர் மனைவி, "நான் அன்னைக்கே சொன்னேன், பொஸ்தகத்தத் தொறந்து பாருங்கன்னு" என்றார். "உனக்கு ஒண்ணும் தெரியாது." சரி, இப்போது கணக்கு எளிது. வேர்ச்சொல் போதாது, எஸ் தொகுதியையே கொண்டுவந்து மடியில் வைத்தாலும் போதாது. இந்த மனிதரை அந்த வெட்கத்திலிருந்து எழுப்ப ஒரே ஒரு சான்றுதான் செல்லும், அது என் பெயர். இன்ன பெயருடைய நான், இன்ன வியாழக்கிழமை, கையெழுத்துக்கு முந்தின நாள். சொல்லிவிடலாம். அவரிடம் இந்தக் கூச்சம் இருக்காது, அதற்கு விலையாக அவர் மதித்த ஒரு ஆளும் இருக்கமாட்டான். எழுபத்து நான்கு வயதில் என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஆள்தான், பேரன்கூட எனக்கு அகராதித் தாத்தா என்றுதான் பெயர் வைத்திருக்கிறான். நாக்கு பல்செட்டின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது. ஒரு வாக்கியம். எழுவாய் நான். அதற்கு மேல் போகவில்லை. எழுவாயிலேயே நிற்கிறது. கன்னத்தில் ஏதோ ஓடியது, மருந்து வழிகிறது என்று நினைத்து, துடைக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டேன்.

நான்காவது சொட்டும் முடிந்து சற்று நேரத்தில், டாக்டர் அறைக் கதவு திறந்தது. உள்ளே கூப்பிடும்போது எண் இல்லை, பெயர்தான், இதை நான் மறந்துவிட்டிருந்தேன். "கோமதிநாயகம்" என்று சிஸ்டர் கூப்பிட்டார். எனக்கு இடப்பக்கம் இரும்பு நாற்காலி முனகுவது நின்றது. வேறு கோமதிநாயகம் ஒருவர் எழுந்து போவார் என்று காத்திருந்தேன், இந்த ஊரில் அம்மன் பெயரால் எத்தனை கோமதிநாயகம், ஒருவராவது கண் பார்க்க வந்திருக்கக் கூடாதா. "கோமதிநாயகம் யாரு? முப்பத்தொம்பது. இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிடுதேன்." போகட்டும். அடுத்த ஆளைக் கூப்பிடட்டும். நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன், இன்னொரு நாள் வருகிறேன், இந்தக் கண்ணில் அப்படி என்ன அவசரம். அன்றைக்கும் இப்படித்தான் தொகுதியை வரிசையில் வைத்துவிட்டு முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். "நான்தான்" என்று யாரோ சொன்னார்கள், பல் வழியாகக் காற்றுப் போன குரல். சிஸ்டர் வந்து முழங்கையைப் பிடித்தார், தவசிமுத்து தொட்ட அதே இடம். எழுந்தேன். பக்கத்தில் இரண்டு இருமல் வந்தது. "தவசிமுத்து" என்றேன், இடப்பக்கமாகத் தலையைத் திருப்பி, இமையைத் திறக்காமல். சார் சேர்க்கவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "தவசிமுத்து சார். எஸ் தொகுதி அந்த வியாழக்கிழமை வந்துது. நான் பாத்தேன். நீங்க எழுதினதுதான் இருந்துது. வெள்ளிக்கிழமைதான் உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டேன். பாத்துட்டுத்தான் போட்டேன்." இதற்கு மேல் ஒரு சொல் இருக்கிறது, மிகச் சின்னது, அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாம் எனக்குத் தெரியும். அது வரவில்லை. "வாங்க தாத்தா, டாக்டர் காத்திருக்காரு, பேச்ச அப்புறம் வச்சிக்கிடுங்க" என்று சிஸ்டர் இழுத்தார். நடந்தேன். பின்னால் அவர் மனைவி, "யாருங்க அது? என்ன சொல்லுதாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள்.

டாக்டர் என் தாடையை எந்திரத்தில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்தார். கருமணி விரியவில்லை என்றார். "மருந்து பூரா கண்ணீர்ல வெளிய போயிருக்கு. தொடச்சீங்களா?" இல்லை என்றேன். "முதல்லருந்து விடணும் சிஸ்டர். இன்னும் நாப்பது நிமிசம்." சிஸ்டர் என் அட்டையை வாங்கி, முப்பத்தொன்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, அறுபத்து நான்கு என்று எழுதி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தவசிமுத்துவுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.